அட்டையும் அலமாரியும்

நம் ஊரில் மருந்துக்கடைக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தால், சரக்கை வாங்கி லாபம் வைத்து விற்கும் ஒரு வியாபாரியின் உருவமே பெரும்பாலோர் மனத்தில் எழும், அது பிழையுமன்று. ஆனால் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சிறு மருந்துக்கடையை நடத்திப் பிழைத்துவரும் எனக்கு, கடைக்குள் வருகிறவரிடமிருந்து நேராகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு டாலரோ மூன்று டாலரோதான் என்பதையும், மீதியைக் கண்ணால் கண்டிராத ஒரு மத்தியஸ்தன் எங்கோ இருந்துகொண்டு தன் மனம்போல் நிர்ணயித்து அனுப்புகிறான் என்பதையும், நோயாளிக்குத் தன் தெருவிலேயே மருந்து கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அந்த நிர்ணயத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பதையும் ஊரிலிருக்கும் உறவினர்களுக்கு விளக்கப் புகுந்தால், அவர்கள் என்னைச் சற்று அனுதாபத்துடன் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எழுத்தில் சொன்னால் அப்படி மாற்ற இயலாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

சென்னையில் நான்கு வருஷம் பி.பார்ம் படித்து, மாத்திரை தயாரிக்கும் கம்பெனியொன்றின் பரிசோதனைச்சாலையில் சில காலம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் தொண்ணூறுகளில் இந்த நாட்டுக்கு வந்தேன். அந்நிய நாட்டுப் பட்டதாரிகளுக்கென்று வைத்திருந்த தகுதிப் பரீட்சை, ஆங்கிலம் பேச வருகிறதா என்று பார்க்கும் பரீட்சை, லைசென்ஸ் உள்ள ஒருவரின் கீழ் மாதக்கணக்கில் பயிற்சி, மாகாணத்தின் சட்டப் பரீட்சை, கல்வத்தில் மருந்தை அரைத்துக் களிம்பு பிசைந்து காட்டச் சொல்லும் செய்முறைப் பரீட்சை என்று வரிசையாகக் கடந்து வந்தேன். 2003-ஆம் வருஷம் முதல் பட்டம் பெறுகிறவர்கள் ஐந்து வருஷம் படித்திருக்கவேண்டும் என்று விதி மாறிவிட்டபடியால், நாலு வருஷப் பட்டத்தோடு வந்து கவுண்டருக்குப் பின்னால் நின்ற கடைசித் தலைமுறை எங்களுடையதுதான். இத்தனை பரீட்சைகளிலும் என் ஜீவனத்தைப் பின்னால் ஆட்டிவைக்கப்போகும் விஷயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கப்பட்டதாக ஞாபகமில்லை.

அந்த விஷயம் இதுதான். டாக்டரின் சீட்டு இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகவே கடைக்கு வந்துவிடுகிறது. நோயாளி தம் இன்ஷூரன்ஸ் அட்டையை நீட்டுகிறார். அதில் அச்சிட்டிருக்கும் எண்களையும் எழுத்துக்களையும் தட்டி, மருந்து இன்னது, அளவு இவ்வளவு, இத்தனை நாளைக்கு என்று சேர்த்து அனுப்பினால், ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பணம் தருகிறோம் என்று வந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓர் எண் வரும். 75 என்றால் முன்அனுமதி வேண்டும், டாக்டருக்குப் போன் செய்யவேண்டும். 79 என்றால் போன மாதத்து மருந்து இன்னும் தீர்ந்திருக்கக்கூடாது, சீக்கிரம் வந்துவிட்டார். 70 என்றால் அந்த மருந்தே அவர்கள் ஜாபிதாவில் இல்லை. என்னிடம் உதவிக்கு இருக்கும் பெண், "அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து" என்று இங்கிலீஷில் உள்ளேயிருந்து குரல் கொடுக்க, "யாருக்கு எழுபத்தைந்து? எனக்கு அறுபத்தெட்டுதான்" என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்ததும் உண்டு. இந்த எண்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பரிகாரம் இருக்கிறது. 40 என்று ஒன்று வரும். அதற்கு மட்டும் கவுண்டரில் பரிகாரம் கிடையாது. இந்த அட்டைக்கும் இந்தக் கடைக்கும் இன்றைய தேதியில் ஒப்பந்தம் இல்லை என்பது அதன் பொருள். மருந்து அலமாரியில் இருக்கும். அட்டை கையில் இருக்கும். நோயாளியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பதில் சொல்லும் அந்த மத்தியஸ்தனைத் தொழிலில் பி.பி.எம். என்று சொல்லுவோம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மருந்துக் கணக்கை நிர்வகிக்கும் ஸ்தாபனம் அது. கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் என்ற மூன்று ஸ்தாபனங்கள் மட்டுமே தேசத்திலுள்ள மருந்துச் சீட்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைக் கையாளுகின்றன என்று மத்திய வர்த்தகக் கமிஷன் 2024 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மூன்றுக்கும் சொந்தமாகவோ, சொந்தக்காரர் வழியாகவோ, தபாலில் மருந்து அனுப்பும் நிலையங்கள் உண்டு. ஒன்றுக்கு ஊரெல்லாம் கடைகளும் உண்டு. எனக்கு எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பவரும், என் வாடிக்கையாளரைத் தன் கடைக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதுபவரும் ஒருவரேயாக இருப்பது விசித்திரமான ஏற்பாடு, ஆனால் சட்டவிரோதமானதன்று.

சட்டம் நோயாளியை மறந்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. மெடிகேர், மெடிகெய்ட் என்ற இரண்டு திட்டங்களும் 1965-இல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டுப் பிறந்தவை. முன்னது முதியோருக்கு, பின்னது ஏழைகளுக்கு. மெடிகெய்டில் இருப்பவர் தகுதியுள்ள எந்த வைத்தியரிடமும் எந்தக் கடையிலும் சேவை பெறலாம் என்பது பழைய விதி. அவர் பங்குக்குத் தரவேண்டிய ஒரு டாலர் கையிலில்லை என்று சொன்னால் அதைக் காரணமாக்கி மருந்தை மறுக்கக்கூடாது என்பதும் விதி. எங்கள் கடையில் அந்த ஒரு டாலரை நாங்கள் கேட்பதைவிட அவர்கள் தாமாகக் கொண்டுவந்து வைப்பதே அதிகம். மெடிகேரில் மருந்துக்கென்று 2006-இல் அமலுக்கு வந்த திட்டத்திலோ தூரத்தையே சட்டம் அளந்து வைத்திருக்கிறது: நகரத்து அங்கத்தினர்களில் 90 சதவீதத்தினருக்கு இரண்டு மைலுக்குள்ளும், புறநகரில் 90 சதவீதத்தினருக்கு ஐந்து மைலுக்குள்ளும், கிராமாந்தரத்தில் 70 சதவீதத்தினருக்குப் பதினைந்து மைலுக்குள்ளும் ஒப்பந்தக் கடை ஒன்று இருக்கவேண்டும். நிபந்தனைகளை ஏற்கச் சம்மதிக்கும் எந்தக் கடையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் இருக்கிறது. நிபந்தனைகளை எழுதுகிறவர் யார் என்பதுதான் கேள்வி. மைலை அளந்தவர்கள், அந்த மைலுக்குள் இருக்கும் கடைக்காரன் கொள்முதல் விலைக்குக் குறைவாகப் பணம் பெற்றுக்கொண்டு எத்தனை நாள் கதவைத் திறந்து வைத்திருப்பான் என்பதை அளக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், நான் மேலே சொல்லப்போகும் மற்றவை எல்லாம் விளங்கும்.

2006 ஜனவரி மாதத்தை அக்காலத்தில் கவுண்டரில் நின்ற எவரும் மறக்கமாட்டார்கள். மெடிகேர், மெடிகெய்ட் இரண்டிலும் ஒருங்கே இருந்த ஏழைகள் சுமார் 60 லட்சம் பேரை, வருஷப் பிறப்பன்று ஒரே இரவில், மாகாணத்தின் பொறுப்பிலிருந்து எடுத்துத் தனியார் கம்பெனிகளின் மருந்துத் திட்டங்களில் பிரித்துப் போட்டார்கள். யார் எந்தத் திட்டத்தில் விழுந்தார் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரிந்திருக்கவேண்டிய கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை. போனில் காத்திருக்கும் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே நாள் போயிற்று. இன்சுலின் போடுகிறவரிடமும் வலிப்பு நோய்க்காரரிடமும் உங்கள் பெயர் ஜாபிதாவில் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லும் மனம் யாருக்கு வரும்? தேசமெங்கும் சின்னக் கடைக்காரர்கள் கணக்கை நோட்டில் எழுதிவைத்து மருந்தைக் கொடுத்தனுப்பினார்கள். பல மாகாணங்கள் அவசரச் செலவைத் தாங்களே ஏற்றன. ஒரு பெரிய ராஜாங்கத் திட்டம் தடுமாறிய அந்த வாரங்களில், மருந்தையும் மனிதனையும் ஒன்றுசேர்த்தது அறிமுகம் ஒன்றுதான் என்பதை நான் மிகைப்படுத்தியதாக யாரும் நினைக்கவேண்டாம்.

அந்த அறிமுகம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்லுகிறேன். என் கடை ரிச்மண்ட் ஹில்லில், மேலே ஏ ரயில் கடகடவென்று ஓடும் லிபர்ட்டி அவென்யூவை ஒட்டி இருக்கிறது. கயானா தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பேட்டை. அவர்களில் சிலருடைய மூதாதையர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். வீராசாமி, முனிசாமி என்று குடும்பப் பெயர் இருக்கும், தமிழில் ஒரு வார்த்தை வராது, மாரியம்மனுக்குப் பூசை மட்டும் தவறாது. அப்படியொரு பாட்டி, மலச்சிக்கலுக்கு ஏதாவது கொடு என்று கேட்டு வந்தவள், கைப்பையில் காசைத் தேடும்போது இரண்டு மருந்துக் குப்பிகளைக் கவுண்டரின்மேல் எடுத்து வைத்தாள். இரண்டும் நாடித் துடிப்பைத் தணிக்கும் மெட்டோப்ரொலால். ஒன்று தொண்ணூறு நாளுக்கென்று தபாலில் வந்தது. மற்றொன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்தது. உப்பு வேறு, மாத்திரையின் நிறம் வேறு, லேபிளில் பெயரின் வால் வேறு. ஆகவே இரண்டு மருந்தென்றே நினைத்து இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரயில் நிலையப் படியேறும்போது தலை சுற்றுகிறது என்றாள். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், நாற்பத்துச் சொச்சம். அவளை அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டாக்டரைப் போனில் பிடித்தேன். கம்ப்யூட்டர் எச்சரித்திருக்காதா என்று கேட்கலாம். எச்சரித்திருக்கும், எங்கோ ஒருவர் ஒரு விசையைத் தட்டி அதைத் தள்ளிவிட்டிருப்பார், ஒரு நாளில் எங்களுக்கு வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அப்படித் தள்ளத்தக்கவையே. நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்ல முன்வரவேண்டும் என்று 1990-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் விதித்திருக்கிறது. ஆனால் நாடி பார்த்ததற்கும் டாக்டரைத் தேடிப் பிடித்ததற்கும் அனுப்புவதற்கு எந்த க்ளெயிமும் இல்லை. அன்று எனக்குக் கிடைத்தது மலச்சிக்கல் மருந்தின் விலைதான்.

தபாலில் மருந்து பெறுவதை நான் இகழவில்லை. வேலைக்குப் போகிற, ஒரே மருந்தை வருஷக்கணக்கில் சாப்பிடுகிற, சொந்த வீட்டுக் கதவுக்குச் சொந்தத் தபால்பெட்டி உள்ள ஒருவருக்கு அது சௌகரியமே. நாலு குடும்பம் ஒரு வீட்டில் ஒண்டியிருந்து ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும் எங்கள் பேட்டையில் சௌகரியம் வேறுவிதமாக இருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். ஜெனரிக் மருந்துகளுக்கு இவ்வளவுக்குமேல் தரமாட்டோம் என்று பி.பி.எம். ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும்; அந்த ஜாபிதா எப்போது மாறும், எதை ஆதாரமாகக் கொண்டு மாறும் என்று கடைக்காரனுக்குத் தெரியாது. மொத்த வியாபாரியிடம் விலை ஏறிவிடும், உச்சவரம்பு ஏறாது. மேல்முறையீடு செய்யலாம். அதற்கென்று உள்ள படிவத்தில் கொள்முதல் பில்லை இணைத்து அனுப்பினால், சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பதினோரு இலக்க எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் வரும். அந்த எண்ணுக்குரிய சரக்கைத் தேடிப் போனால், மொத்த வியாபாரியின் திரையில் அதற்கு நேரே ஸ்டாக் இல்லை என்று சிவப்பில் எழுதியிருக்கும். பெயர் வேண்டாம், ஒரு ஸ்தாபனம் எனக்கு அனுப்பிய இத்தகைய பதில்களை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். இதற்குமேல் மெடிகேர் திட்டங்களில் பின்பிடித்தம் என்ற ஒன்று இருந்தது: மருந்தைக் கொடுத்துப் பல மாதம் கழித்து, உங்கள் வாடிக்கையாளர்கள் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கடையின் தரம் குறைந்துவிட்டது என்று சொல்லி, கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். 2010-க்கும் 2020-க்கும் இடையே இந்தப் பிடித்தம் 1,07,400 சதவீதம் பெருகியது என்று மெடிகேர் நிர்வாகமே கணக்கிட்டு வெளியிட்டது. முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். 2024 ஜனவரி முதல் பின்னால் பிடிக்கும் வழக்கத்துக்கு அணை போட்டார்கள். முன்னாலேயே குறைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய வருஷத்துப் பாக்கிப் பிடித்தமும் புது வருஷத்துக் குறைந்த விலையும் சேர்ந்து விழுந்த அந்த மூன்று மாதத்தில், எங்கள் சுற்றுவட்டாரத்தில் கடையை விற்றுவிட்டு யாரிடமாவது சம்பளத்துக்குப் போனால் என்ன என்று யோசிக்காதவர் இல்லை.

நியூயார்க் மாகாணத்தில் மெடிகெய்ட் மருந்துகளும் 2011 அக்டோபர் முதல் தனியார் திட்டங்களின் வசம் இருந்தன. 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி மாகாணம் அவற்றைத் திரும்பத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது, என்.ஒய்.ஆர்எக்ஸ் என்று பெயர். தேசமெங்கும் கடைகளில் விசாரித்து மத்திய அரசு வெளியிடும் சராசரிக் கொள்முதல் விலையை அடிப்படையாக வைத்து, சீட்டு ஒன்றுக்கு 10.18 டாலர் ஊதியம். ரகசிய ஜாபிதா கிடையாது. விலையை யாரும் பார்க்கலாம். இதற்கு முன்மாதிரிகள் இருந்தன. மேற்கு வர்ஜீனியா 2017-இல் இவ்வாறு செய்து முதல் வருஷத்தில் 5 கோடியே 44 லட்சம் டாலர் மிச்சப்படுத்தியதாக அம்மாகாணம் எழுதுவித்த அறிக்கை சொல்லுகிறது. ஒஹையோவிலோ 2018-இல் மாகாணத் தணிக்கையாளர் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, திட்டங்களிடம் வாங்கியதற்கும் கடைகளுக்குக் கொடுத்ததற்கும் நடுவில் ஒரே வருஷத்தில் 22 கோடியே 48 லட்சம் டாலர் மத்தியஸ்தர்களிடம் நின்றிருப்பது வெளிப்பட்டது. 2022-இல் கலிபோர்னியா இதே மாற்றத்தைச் செய்தபோது முன்அனுமதிகள் மலைபோல் தேங்கி, விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தவேண்டி வந்ததால், நாங்கள் பயத்துடனேயே ஏப்ரலை எதிர்பார்த்தோம்.

பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் பழைய கம்பெனி அட்டையையே நீட்டினார்கள். எங்களுக்கு வேண்டியதோ மாகாணம் கொடுத்த எண்: முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஐந்து இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பீரோவின் அடியில், பைபிளுக்குள், கீதைப் புத்தகத்துக்குள், இறந்துபோன கணவரின் பர்ஸுக்குள் என்று எங்கெங்கோ வைத்திருந்த வெளுத்துப்போன மெடிகெய்ட் அட்டைகள் வெளியே வந்தன. 40 என்ற எண் அவர்களைப் பொறுத்தவரை ஒழிந்தது. திட்டத்தில் பதிந்துகொண்ட எந்தக் கடைக்கும் அவர்கள் போகலாம்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் வாதத்தை அலட்சியம் செய்வது நியாயமன்று. ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சமூக மருத்துவ நிலையங்களும் எச்.ஐ.வி. கிளினிக்குகளும் 1992-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தின்படி மருந்தைச் சலுகை விலையில் வாங்கி, திட்டங்கள் தரும் முழு விலைக்கும் அதற்குமுள்ள வித்தியாசத்தில் பல்வைத்தியரையும் மொழிபெயர்ப்பாளரையும் வைத்திருந்தன. புதிய ஏற்பாட்டில் அந்த வித்தியாசம் மறைந்தது. ஈடுசெய்வதாக அரசாங்கம் வாக்களித்தது. ஆனால் வருஷாவருஷம் பட்ஜெட்டில் கெஞ்சிப் பெறவேண்டிய பணம் தானாக வந்துகொண்டிருந்த பணத்துக்கு ஈடாகாது என்று அவர்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் வெற்றி என்று மருந்துக்கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் கைதட்டியபோது, என் பேட்டையிலேயே இருக்கும் கிளினிக்கின் நர்ஸ் அம்மையார் ஞாபகத்துக்கு வந்து, நான் அவ்வளவு உற்சாகமாகத் தட்டவில்லை.

இப்போது வினோதத்தைக் கேளுங்கள். மெடிகெய்டில் இருக்கும் ஒருவர் நீரிழிவு மாத்திரை வாங்குகிறார். எனக்குச் சரக்கின் விலையும் 10.18 டாலரும் வருகிறது. அவருக்கு அறுபத்தைந்து வயது நிறைகிற மாதத்தின் முதல் தேதியன்று அவர் மெடிகேருக்குள் போகிறார். மருந்து தனியார் திட்டத்தின் வசமாகிறது. அதே மனிதர், அதே மாத்திரை, அதே அலமாரி. ஆனால் கொடுப்பதற்குரிய ஊதியம் ஒரு டாலரைக்கூட எட்டாமல் சென்ட்டுக் கணக்கில் இறங்கிவிடுகிறது. விலையுயர்ந்த மருந்தாக இருந்தால் சரக்கின் விலையே முழுதாக வருவதில்லை. முதுமை வந்து, மருந்து பெருகி, நடை தளர்ந்து, பக்கத்துக் கடை மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் பக்கத்துக் கடைக்கு அவர் நஷ்டமாகிறார். சில கடைக்காரர்கள் இன்னின்ன மருந்து எங்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை என்று பெருமை பேசமாட்டேன். எனக்கு மெடிகெய்ட் வாடிக்கையாளர்கள் அதிகமாக இருப்பதால் அந்தப் பக்கத்து வரவு இந்தப் பக்கத்து நஷ்டத்தைச் சுமக்கிறது, அவ்வளவே.

கோர்ட்டுகளும் இதில் புகாமலில்லை. கொள்முதல் விலைக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும் என்று ஆர்கன்ஸா மாகாணம் 2015-இல் இயற்றிய சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2020 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தபோது, காலம் மாறிவிட்டது என்று நினைத்தோம். ஆனால் எந்தக் கடையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்ற வகையில் ஒக்லஹோமா போட்ட விதிகளைக் கீழ்க்கோர்ட் தள்ளியதை விசாரிக்க, அதே சுப்ரீம் கோர்ட் 2025 ஜூனில் மறுத்துவிட்டது. விலையில் மாகாணங்கள் தலையிடலாம், ஒப்பந்தக் கடைகளின் வலைப்பின்னலில் தலையிட்டால் ஆபத்து என்பதாக நான் புரிந்துகொள்கிறேன். வக்கீல்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். அதே வருஷம் அக்டோபரில் ரைட் எய்ட் என்ற பெரிய சங்கிலிக் கடை இரண்டாவது தடவை திவாலாகித் தன் கடைசிக் கதவையும் மூடிற்று. பெரிய கடை மூடினால் சின்னக் கடைக்கு லாபம் என்று நண்பர்கள் வாழ்த்தினார்கள். அங்கிருந்து வந்த சீட்டுகளில் பாதிக்குமேல் மெடிகேர். அவற்றை நிரப்பச் சரக்கு வாங்க நான் பாங்கில் கடன் வாங்கினேன்.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மெடிகேர் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த வாரங்களில் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் வயதானவர்கள் பிளாஸ்டிக் பை நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டுவார்கள். "தம்பி, இதில் எதை எடுக்க?" என்று தமிழ்ப் பெரியவர்கள் கேட்பார்கள். எனக்குப் பணம் அதிகம் வரும் திட்டத்தை இதை எடுங்கள் என்று நான் சுட்டக்கூடாது என்பது மெடிகேரின் விதி; சரியான விதியும்கூட. ஆகவே அரசாங்கத்தின் வலைத்தளத்தைத் திறந்து, அவர்கள் சாப்பிடும் மருந்துகளை ஒவ்வொன்றாக நானே தட்டிப் போட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைக்கிறேன். மாதச் சந்தா எவ்வளவு என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே, நீங்கள் தெரிந்தெடுத்த கடை இந்தத் திட்டத்தின் விருப்பக் கடையா, வெறும் ஒப்பந்தக் கடையா, வலைக்கு வெளியிலுள்ளதா என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின்மேல் விரலை வைத்து, படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லுகிறேன்.